இருபத்தெட்டாயிரம் டாலர் இடம்

டல்லாரா, வடக்கு குயின்ஸ்லாந்து
22 பிப்ரவரி 2004

அன்புள்ள நெல்லா அக்காவுக்கு,

இனெஸ் எழுதுகிறேன். இங்கே எல்லாம் இருக்கிறது. மழை இருக்கிறது, கொசு இருக்கிறது, கரும்பு ஆள் உயரம் நிற்கிறது. என் காது மட்டும்தான் இல்லை. போன வாரம் டவுன்ஸ்வில் போய் டாக்டரைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் சர்க்கரை மில் இரைச்சலில், எடைமேடையில் உட்கார்ந்தவளுக்கு இவ்வளவு மிச்சமிருப்பதே அதிகம் என்று தாளில் எழுதிக் காட்டினார். அதனால் பெரிய சத்தம் வைத்த ஃபோன் வாங்கித் தருகிறேன் என்று இனி ஆசை காட்டாதே. நமக்குக் கடிதமே போதும். உன் முழங்கால் வலி எப்படி? படி ஏறாமல் இருக்கிறாயா, இல்லை வழக்கம்போலப் பிடிவாதமா?

புரூனோவைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன அக்டோபரில் சிட்னியில் அவன் ஆடிய கிளப் அவனைக் கழற்றிவிட்டதிலிருந்து வீட்டில்தான் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர் அணிக்கு ரக்பி ஆடப்போகிறான். இருபத்துநாலு வயது, நூற்றுப் பத்து கிலோ, கூலி ஆட்டத்துக்கு இருநூறு டாலரும் ஒரு பெட்டி பீரும். அவன் பெண்டாட்டி ஷெல்லிக்கு ஆகஸ்டில் பிரசவம். மில்லில் இந்த அரவைக்கு ஆள் எடுக்கிறார்கள், போய்ப் பேர் கொடுடா என்றேன்.

"மில்லுல பேரு குடுத்தா ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்ட் போட்டுருவாங்கம்மா. அப்புறம் ஆட்டம் அவ்ளோதான். பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்கிறான்.

பதினோரு வருஷமாக உன் கிளப்பில் ஆட்டக்காரர் பட்டியலும் சம்பளக் கணக்கும் நீதான் எழுதுகிறாய். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் தங்கை,
இனெஸ்

---

சிட்னி
9 மார்ச் 2004

அன்புள்ள இனெஸ்,

உன் கடிதம் வந்தது. முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது என்னைவிட வேகமாக வயதாகிறது. மற்றபடி சுகம். உங்கள் சுகத்தை எழுது. ஷெல்லியைக் கனமாக எதையும் தூக்கவிடாதே.

ஆட்டக்காரர்களை எடுப்பதும் விடுவதும் இங்கே ரஸ் என்பவர் கையில். அவரிடம் பேசினேன். புரூனோவை அவருக்கு ஞாபகம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. சிக்கல் சம்பள வரம்பில் இருக்கிறது. ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீக் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதை ஒரு டாலர் தாண்டினாலும் அபராதம், புள்ளிக் குறைப்பு, பேப்பரில் அவமானம். எங்கள் கோட்டுக்குக் கீழே இப்போது மிச்சமிருப்பது இருபத்தெட்டாயிரம் டாலர்தான்.

புரூனோவுக்கு வருஷம் அறுபதாயிரம் என்று ரஸ் கணக்கிடுகிறார். ஆனால் பருவத்தின் நடுவில் சேர்பவனுக்கு முழு வருஷத்தையும் எண்ணமாட்டார்கள். சேர்கிற நாளிலிருந்து அக்டோபர் முடிய மிச்சமிருக்கிற மாதங்களை மட்டும்தான் எண்ணுவார்கள். அவனுக்கு மாதம் ஐந்தாயிரம். இன்று சேர்ந்தால் ஏறக்குறைய நாற்பதாயிரம், இடமில்லை. நாள் போகப் போகத் தொகை தானாக இறங்கும். ஜூன் முப்பதுதான் கடைசி நாள், அதன் பிறகு இந்த வருஷம் யாரையும் சேர்க்க முடியாது.

ஆகவே அவசரப்பட வேண்டாம். ஒரு ஞாயிறும் விடாமல் ஆடச் சொல். ஆட்டத்தை வீடியோ கேசட்டில் பிடித்து எனக்கு அனுப்பச் சொல். இடைவெளி விழுந்தவனை ரஸ் தொடமாட்டார்.

அன்புடன்,
நெல்லா

---

டல்லாரா
5 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்கா,

சுகம். உன் சுகம் கடிதத்தின் கையெழுத்திலேயே தெரிகிறது, நேராக இருக்கிறது.

நான்கு கேசட் இத்துடன் வருகிறது. பிடித்தவன் பேக்கரிக்காரன், அதனால் பாதி நேரம் பந்தைவிட அவன் பெண்டாட்டிதான் தெரிவாள். பொறுத்துக்கொள்.

நீ எழுதிய கணக்கைப் படித்துச் சிரித்தேன். எடைமேடையில் உட்கார்ந்தவளுக்கு இது புதிதா? வெட்டிய கரும்பு நாளாக ஆக எடை குறையும், அதனால் இங்கே எல்லோரும் வெட்டியவுடன் மில்லுக்கு ஓடிவருவார்கள். உங்கள் ஊரில்தான் எடை குறையட்டும் என்று காத்திருந்து வாங்குகிறார்கள்.

புரூனோ மில்லில் பேர் கொடுக்கவில்லை. அவன் இடத்தில் பக்கத்து வீட்டுப் பையனை எடுத்துவிட்டார்கள். போகட்டும். மே, இல்லாவிட்டால் ஜூன் என்று காலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வருகிறான்.

இன்னொன்று. நேற்று ஆட்டத்தில் யாரோ ஒருவனின் இடுப்பு இவன் நெற்றியில் மோதிவிட்டது. கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தான். மூக்கில் எதையோ காட்டி எழுப்பினார்கள், திரும்பப் போய் ஆடினான். வீட்டுக்கு வந்து டீயில் உப்பைப் போட்டுக் குடித்தான். ஷெல்லி கேட்டதற்கு, "உப்பு போட்டா நல்லாத்தான் இருக்கு, நீயும் குடிச்சுப் பாரு" என்கிறான். சமாளிக்கத் தெரிந்த பிள்ளை.

உன்,
இனெஸ்

---

சிட்னி
23 ஏப்ரல் 2004

அன்புள்ள இனெஸ்,

நான் நலம். இங்கே குளிர் எட்டிப்பார்க்கிறது. உனக்கும் ஷெல்லிக்கும் இரண்டு கம்பளிச் சட்டை அனுப்புகிறேன். டல்லாராவில் எதற்கு என்று கேட்காதே, போட்டுக்கொள்.

நல்ல செய்தி. ரஸ் மூன்று கேசட் பார்த்தார். நாலாவதில் பேக்கரிக்காரன் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு எவ்வளவு கேக்குறாங்க?" என்றார். ஆபீஸில் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு புரூனோவைப் பற்றி, "பரவால்ல, இன்னும் பசியோட ஆடுறான். தொடர்ந்து பாக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வருவது பெரிது.

உப்பு டீயைப் பற்றி வெளியே யாரிடமும் சொல்லாதே. டல்லாராவில் தும்மினால் சிட்னியில் காய்ச்சல் என்று பேசுகிற ஆட்கள் இவர்கள்.

அன்புடன்,
நெல்லா

---

டல்லாரா
10 மே 2004

அன்புள்ள அக்கா,

கம்பளிச் சட்டை வந்தது. ஷெல்லிக்கு வயிறு அதில் அடங்கவில்லை, புரூனோ போட்டுக்கொண்டு வீட்டில் கரடி மாதிரி திரிகிறான். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமாக இரு.

நேற்று மறுபடி அடி. இந்த முறை அவனாக எழவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். வண்டியில் வரும்போது மூன்று தடவை வாந்தி. எந்த அணியோடு ஆடினாய் என்று கேட்டேன், போன வருஷத்து அணியின் பேரைச் சொன்னான்.

இன்று காலை டாக்டர் ஹென்லியிடம் இழுத்துப் போனேன். ஐந்து வாரத்துக்குள் இரண்டாவது அடி, இந்தப் பருவம் முழுக்க மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி, கடிதமும் எழுதிக் கொடுத்தார். யாருக்குக் காட்ட வேண்டுமோ காட்டுங்கள் என்றார்.

வாசலில் புரூனோ என்னைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, அந்தக் கடுதாசிய அனுப்பிச்சேன்னு வையி, நான் முடிஞ்சேன். எண்ணி ஏழு வாரம்மா. ஏழே ஏழு." உதடு பார்த்துத்தான் படித்தேன், ஆனால் அவன் கத்துவது முகத்தில் தெரிந்தது.

இந்த வாரம் ஆடவிடமாட்டேன். அதன் பிறகு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. அந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பட்டுமா? அவனுக்கு இன்னும் இடம் வரவில்லையா? இப்போதே சேர்த்துக்கொண்டால் அங்கே கிளப் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? அடிபட்டவனை உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பார்களே, அது உண்மைதானே? சீக்கிரம் எழுது.

இனெஸ்

---

சிட்னி
17 மே 2004

அன்புள்ள இனெஸ்,

உன் கடிதம் படித்து மனசு சரியில்லை. நீ முதலில் வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ரத்த அழுத்தம் இருப்பதை மறந்துவிடுகிறாய்.

டாக்டர் கடிதத்தைத் தபாலில் போடாதே. வீட்டிலேயே இருக்கட்டும். ஆட்டக்காரன் உடம்பைப் பற்றி ஒரு தாள் இங்கே வந்தால் அதை அவன் கோப்பில் வைக்க வேண்டியது என் வேலை. வைத்துவிட்டால் எடுக்க முடியாது. அதைப் பார்த்த பிறகு எந்த கிளப்பும் அவனைச் சேர்க்காது, எங்கள் கிளப் மட்டுமில்லை. நான் உன் அக்காவாகச் சொல்கிறேன்.

ஒரு வாரம் உட்கார்ந்தது நல்லது. அது வெறும் தசைப்பிடிப்பு என்று ரஸ்ஸிடம் சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிறு மெதுவாக ஆடட்டும். முன்னால் போய் மோதாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

வரம்புக் கணக்கைக் கேட்டிருந்தாய். அது நாளுக்கு நாள் மாறுகிற சமாச்சாரம், கடிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது. சரியான நேரத்தில் சொல்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
நெல்லா

---

டல்லாரா
14 ஜூன் 2004

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி, கூரை எப்படி? இடையில் உனக்கு ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இது இரண்டாவது.

புரூனோ ஆடுகிறான். நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. மெதுவாக ஆடு என்று நீ சொன்னதைச் சொன்னேன். "மெதுவா ஆடுறவனை யாரும்மா எடுப்பாங்க? பெரியம்மா ஆபீஸ்ல உக்காந்து மறந்துட்டாங்க" என்றான்.

பகலில் ஜன்னலுக்குத் துணி போட்டு இருட்டில் படுத்திருக்கிறான். வெளிச்சம் ஆகவில்லை. சனிக்கிழமை இறைச்சியைக் குடலில் அடைத்துச் சலாமி போட்டோம். வருஷா வருஷம் அவன்தான் பன்றியிறைச்சி அரைப்பான், அந்த மெஷினைச் சுற்றுவதில் அவனுக்கு ஒரு பெருமை. இந்த முறை பாதியில் கையை எடுத்துவிட்டு நின்றான். அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டான் அக்கா. பத்து வயதிலிருந்து செய்கிற வேலை.

மில்லில் அரவை ஆரம்பித்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் முதல் சம்பளத்தில் அவன் அம்மாவுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தான். பொறாமையாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

எடுப்பார்களா, மாட்டார்களா? மாட்டார்கள் என்றாலும் சொல். இன்றே உட்காரவைத்துவிடுவேன். என் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான்.

இனெஸ்

---

சிட்னி
21 ஜூன் 2004

அன்புள்ள இனெஸ்,

தாமதத்துக்குக் கோபப்படாதே. எனக்குச் சளி பிடித்துப் படுத்துவிட்டேன், இப்போது தேவலை. சலாமியில் எனக்கும் ஒரு சரம் எடுத்து வை.

மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ரஸ் வழக்கம்போல இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறார். புரூனோ பெயர் மேஜையில்தான் இருக்கிறது. அவன் படிவங்களை நானே என் கையால் நிரப்பிவைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. புதன்கிழமை ஜூன் முப்பது, அன்று மாலை ஐந்து மணிக்குள் முடிவு தெரிந்துவிடும்.

இந்த ஞாயிறு இருபத்தேழாம் தேதி ஆட்டத்தை ரஸ் கேட்டிருக்கிறார். கேசட்டைத் திங்களன்று விமானத்தில் போட்டுவிடு. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இந்த ஒரு ஆட்டம்தான்.

அன்புடன்,
நெல்லா

---

டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரி
18 ஜூலை 2004

அன்புள்ள அக்கா,

அன்று ஷெல்லி உனக்கு ஃபோன் செய்தாள். நீ அழுதாய் என்றாள். எனக்கு எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. உன் சளி சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிய அடி ஒன்றுமில்லை. அதுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஞாயிறு இரண்டாவது பாதியில் சாதாரணமாகப் பிடித்துத் தள்ளினார்கள், விழுந்தான், எழுந்தான். எழுந்தவன் எதிர் அணிக்காரர்களோடு வரிசையில் போய் நின்றான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு புல்லில் உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்தான்.

ஹெலிகாப்டரில் இங்கே கொண்டுவந்தார்கள். மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். பதினோரு நாள் கண் திறக்கவில்லை. இப்போது விழித்துவிட்டான், எங்களை அடையாளம் தெரிகிறது, வலது கை வேலை செய்யவில்லை.

இதற்கு முன் அடிபட்டிருக்கிறதா என்று இங்கே டாக்டர் கேட்டார். ஏப்ரலைச் சொன்னேன், மே மாதத்தைச் சொன்னேன், ஹென்லி எழுதிய கடிதம் என் அலமாரியில் இருப்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் முப்பதாம் தேதி உங்கள் கிளப்பில் லென்னாக்ஸ் என்ற ஒருவனைச் சேர்த்திருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். படத்தில் அவன் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நல்ல பையனாகத் தெரிகிறான்.

எழுது.

இனெஸ்

---

டல்லாரா
22 ஆகஸ்ட் 2004

நெல்லா அக்காவுக்கு,

நீ அனுப்பிய இரண்டாயிரம் டாலர் காசோலை வந்தது. உறைக்குள் கடிதம் இருக்கிறதா என்று இரண்டு முறை உதறிப் பார்த்தேன். காசோலையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

ஒன்பதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். புரூனோவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். பழசெல்லாம் நினைவிருக்கிறது, புதிதாக எதுவும் மறுநாள் வரை நிற்பதில்லை. அவனுக்கு இன்னும் ஜூன் மாதம்தான். தினமும் காலையில் ஷெல்லியின் வயிற்றைப் பார்த்துத் திகைக்கிறான். குழந்தையைக் காட்டுகிறோம், அழுகிறான், சந்தோஷப்படுகிறான். பிறகு என்னைப் பார்த்து, "சிட்னியிலேருந்து ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்கிறான். இப்போது மெதுவாகப் பேசுவதால் அவன் உதட்டில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்புவதில்லை.

அவன் தூங்குகிற பகல் நேரங்களில் உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். நீ ஒன்றை மறந்துவிட்டாய். என் வேலை எடைமேடை. வருகிற லாரியில் எத்தனை டன், கழிவு எத்தனை என்று வாழ்க்கை முழுக்கக் கழித்துப் பார்த்தவள் நான்.

லென்னாக்ஸுக்கு வருஷம் எண்பதாயிரம் என்று பேப்பரில் போட்டிருந்தது. ஜூன் முப்பதில் சேர்ந்தால் மிச்சம் நான்கு மாதம். அவன் கணக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். அப்படியென்றால் நீ மார்ச்சில் சொன்ன இருபத்தெட்டாயிரம் கடைசிவரை யாரும் தொடாமல் அப்படியே இருந்திருக்கிறது. புரூனோவுக்கு மாதம் ஐந்தாயிரம். மே பதினைந்தாம் தேதி அவனுக்கு மிச்சம் ஐந்தரை மாதம், இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. அன்றே அவன் பொருந்திவிட்டான்.

நான் கேட்டுக் கடிதம் போட்டது மே பத்து. நீ பதில் எழுதியது மே பதினேழு. கடிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது என்றாய், கூரை ஒழுகுகிறது என்றாய்.

அதன் பிறகு அவன் ஆறு ஞாயிறு ஆடினான். ஆறு. டாக்டர் கடிதத்தை மறைத்தது நான்தான், அதை நான் என் தலையில் ஏற்றிக்கொள்கிறேன், உன்மேல் தள்ளமாட்டேன். ஆனால் எதற்காக மறைத்தேன்? இன்னும் இடம் வரவில்லை என்று நம்பித்தானே மறைத்தேன். வந்துவிட்டது, கொடுக்கவில்லை என்று தெரிந்திருந்தால் மே மாதமே கழுத்தைப் பிடித்து உட்காரவைத்திருப்பேன்.

என் கணக்கில் தவறு இருந்தால் காட்டு. தவறு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இனெஸ்

---

சிட்னி
5 செப்டம்பர் 2004

இனெஸ்,

குழந்தை பிறந்ததில் சந்தோஷம். உன் கணக்கில் தவறு இல்லை.

மே பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை புரூனோவின் கணக்குத் தாளை ரஸ் மேஜையில் வைத்தேன். நாளையிலிருந்து அவன் வரம்புக்குள் வருகிறான் என்றேன். "லென்னாக்ஸ் வரானான்னு ஜூன் கடைசி வரைக்கும் பாக்கணும். இவனை இப்ப எடுத்தா அந்த இடம் போயிடும். அவன் வரலேன்னா உங்க பையன்தான், நான் இருக்கேன். ஆனா வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது நெல்லா. போச்சுன்னா திங்கக்கிழமை நீங்க வரவேண்டியதில்ல" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டுக் கடன் இருக்கிறது. இதெல்லாம் காரணம் இல்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் எழுதிவிட்டேன்.

லென்னாக்ஸ் வரமாட்டான் என்று நினைத்தேன். கடைசி வாரம் வரை அப்படித்தான் நினைத்தேன். உனக்குச் சொன்னால் புரூனோ மனம் உடைந்து ஆட்டத்தை விட்டுவிடுவான், பிறகு லென்னாக்ஸ் வராமல் போனால் இரண்டும் கெட்டுவிடுமே என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்றே நம்பிக்கொண்டு எழுதினேன்.

கீழே எழுதியிருப்பது புரூனோவுக்கு. அவனுக்குப் படித்துக்காட்டு. அவன் என்ன சொன்னாலும் எனக்கு எழுது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை, ஆனால் கேட்கிறேன்.

புரூனோ கண்ணா, பெரியம்மா எழுதுகிறேன். மே மாதம் பதினைந்தாம் தேதி எங்கள் கிளப்பில் உனக்கு இடம் இருந்தது. எனக்கு அது தெரியும். உனக்கும் உன் அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை. இன்னொருவனுக்காக அந்த இடத்தைப் பிடித்துவைத்திருந்தார்கள். நான் சொல்லியிருந்தால் நீ அந்த ஆட்டங்களை ஆடியிருக்கமாட்டாய். இது என் தப்பு.

நெல்லா

---

டல்லாரா
19 செப்டம்பர் 2004

அக்கா,

படித்துக்காட்டச் சொன்னாய். போன சனிக்கிழமை படித்தேன். குழந்தை அவன் இடது கையில் தூங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக, ரஸ் உன்னிடம் சொன்னதையும் சேர்த்து, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்ப மே மாசமே எனக்கு இடம் இருந்துச்சா?" என்றான்.

"இருந்துச்சு" என்றேன்.

"நான் அந்தக் கணக்குக்குள்ள வந்துட்டேனா?"

"வந்துட்ட."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று அக்கா. மண்டையைத் திறந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஷெல்லியைக் கூப்பிட்டான். "கேட்டியா, சும்மா இல்ல, நெசமாவே என்னைப் பாத்துருக்காங்க. சிட்னியில எனக்கு இடம் இருந்துருக்கு" என்றான். ஷெல்லி தாங்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். உன் தப்பைப் பற்றி நீ எழுதிய வரிகளை அவன் பொருட்படுத்தவே இல்லை. நான் திரும்பவும் அந்த இடத்தைப் படித்தேன். "பெரியம்மாவ எதுவும் சொல்லாதம்மா. அவங்க வேலை போயிருக்கும்ல" என்றான். சாயங்காலம் வரை வந்தவர்கள் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தான், தபால்காரரிடம்கூட.

ஞாயிறு காலையில் எழுந்து குழந்தையைப் பார்த்தான், அழுதான். பிறகு, "சிட்னியிலேருந்து ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்றான்.

நான் மறுபடி படிக்கவில்லை. இனிமேலும் படிக்கமாட்டேன், அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது.

என்னிடம் மன்னிப்பு கேட்டிருக்கிறாய். என்னிடம் அது இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அவனிடம் இருக்கிறது, கேட்டவுடன் கொடுத்துவிடுகிறான், ஆனால் விடிந்தால் அது அவனிடம் இருப்பதில்லை. வேண்டுமானால் நீ வந்து இங்கே இரு. தினமும் காலையில் அவன் கேட்கும்போது நீயே அவன் முகத்தைப் பார்த்துச் சொல், தினமும் வாங்கிக்கொள். டவுன்ஸ்வில்லிலிருந்து புதனும் சனியும் பஸ் இருக்கிறது. உனக்கு ஒரு கட்டில் போட்டுவைக்கிறேன்.

வர முடியாதென்றால் கடிதம் எழுத வேண்டாம்.

இனெஸ்